ஷீரா வீட்டுப் பந்தலும் நாமக்கல் தார்ப்பாயும்

திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, அன்றைக்கு முப்பத்தோராவது தடவையாகப் போனில் அந்த விசாப் பக்கத்தைத் திறந்தேன். எண்ணிக்கையில் பொய் இல்லை. என் மகள் ரோஷினி காலையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டி, திறக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கோடுகளைப் பார்த்தாலாவது எனக்கு வெட்கம் வருமாம். வெட்கம் வரவில்லை. பேனா மைதான் குறைந்தது. வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் எண், கேஸ் எண், கோணல்மாணலாக ஒரு படத்தில் தெரிகிற எழுத்துகள், எல்லாவற்றையும் அடித்து முடித்தால் சிவப்பில் அதே ஒரு சொல். ரெஃப்யூஸ்டு. மறுத்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லையாம், கூடுதலாகப் பரிசோதிக்கிறார்களாம், முடிகிற வரைக்கும் அப்படித்தான் காட்டுமாம். வக்கீல் சொன்னார். எப்போது முடியும் என்று கேட்டால் அது தனக்கும் தெரியாது என்கிறார். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு வக்கீல்!

என் வீட்டுக்காரர் திருமூர்த்தி ஆகஸ்ட் நடுவில் ஊருக்குப் போனார். ராசிபுரத்தில் என் மாமனார் தவறிவிட்டார். காரியம் முடிந்ததும் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை குத்திக்கொண்டு திரும்பலாம் என்று சென்னைக்கு நேர்காணலுக்குப் போனவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, சொல்லியனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு ஐந்து வாரம். அங்கே உட்கார்ந்து வேலை செய்ய இவர் கம்பெனியில் அனுமதி இல்லை. பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று மேனேஜர் எழுதிவிட்டார். அவர் வேலை போனால் அவர் விசா போச்சு. அவர் விசாவைப் பிடித்துத் தொங்குகிற என் விசாவும் போச்சு. ரோஷினி இங்கே பிறந்தவள், அவளை யாரும் போகச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இந்த ஊரில் இருக்க உரிமை உண்டு, பெற்றவர்களுக்கு இல்லை. அன்றைக்குத் தேதி அக்டோபர் ஆறு.

தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அவர் கூப்பிடுவார். அவருக்கு அது காலை ஏழு மணி. "வள்ளி, அதையே பாத்துட்டு இருக்காத. ஸ்டேட்டஸ் மாறுனா மொதல்ல எனக்குத்தான் மெயில் வரும். நேரங்காலம் பாக்காம நானே கூப்பிடறேன்" என்பார். "உங்களுக்கென்னங்க, அம்மா கையில சாப்பிட்டுட்டு சொல்லுவீங்க" என்பேன். 

என்னால் சும்மா இருக்க முடியாது. பிறவிக் குணம். அப்பா நாமக்கல்லில் இரண்டு லாரி ஓட்டினார். வானத்தில் ஒரு மேகத் துண்டைக் கண்டாலும் லோடின் மேல் தார்ப்பாய் ஏற வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வேதம். இங்கே பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன், திங்கட்கிழமையில் வீட்டிலிருந்தே. எது எது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் இந்த விசா விஷயத்தில் மட்டும் எதன் மேல் எதைப் போட்டு மூடுவது என்றே தெரியவில்லை. கை பரபரக்கிறது, வேலை இல்லை. அடுப்படியை ஒரே நாளில் மூன்று தடவை துடைத்திருந்தேன்.

துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்பக்கத்துப் புல்வெளியில் ஷீரா வீட்டுப் பந்தல் தெரிந்தது. ஹைலண்ட் பார்க்கில் எங்களுடையது இரட்டை வீடு. நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஷீரா, அவள் புருஷன் எலி, மூன்று பிள்ளைகள். பக்தியான யூதக் குடும்பம். புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டி வருஷா வருஷம் ஒரு பந்தல் போட்டு, ஏழு நாள் அதற்குள்தான் சாப்பாடு. அதற்கு சுக்கா என்று பேர். முதல் வருஷம் கேட்டபோது புரட்டாசி விரதத்தில் இருந்த எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. நாலு பக்கமும் கேன்வாஸ் துணி, மேலே மூங்கில் பாயும் வெட்டிப் போட்ட கிளைகளும். இந்த வருஷம் எலி கட்டவில்லை. அவர்கள் ஜெப ஆலயத்து ஆட்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து மளமளவென்று கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏனென்றால் அது துக்க வீடு.

ஷீராவுக்கு ஒரே தம்பி. அஷேர் என்று பேர், முப்பத்தாறு வயசு. முந்தின வியாழக்கிழமை அவர்களுடைய பெரிய உபவாச நாள். அது முடிந்த அன்றிரவே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அடக்கம். நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். நம் அடுப்பில் சமைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள், அதனால் வாழைப்பழமும் திராட்சையும் எடுத்துக்கொண்டேன். முன்னறைக் கண்ணாடியைப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். ஷீரா ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கழுத்து ஒரு சாண் கிழிந்திருந்தது. அப்படிக் கிழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். எதிரில் உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் வழக்கம். வெகுநேரம் கழித்து, "நாளைக்கு சாயங்காலத்தோட முடியுது வள்ளி" என்றாள். அவள் பேசுவது இங்கிலீஷ்தான், என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"ஏழு நாள்னு சொன்னாங்களே?"

"ஏழு நாள்தான். ஆனா நடுவுல பண்டிகை வந்துட்டா துக்கம் அதோட முடிஞ்சுடும். எழுந்திருச்சிடணும். இது சந்தோஷத்தோட பண்டிகை. சந்தோஷமா இருக்கணும்னே கட்டளை."

எனக்குச் சுருக்கென்றது. மாமனார் போனதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. கொலு பார்க்கக்கூட யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டேன். இவள் கூடப் பிறந்தவனை மண்ணில் வைத்து நாலாம் நாள் பண்டிகை கொண்டாடப் போகிறாளாம். சந்தோஷம் என்ன ஆபீஸ் மீட்டிங்கா, வா என்றால் வந்து உட்காருவதற்கு? வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. அவள் மேல் கோபமா, பொறாமையா என்று இன்றுவரை தெரியாது.

ஆனாலும் திங்கட்கிழமை அந்தப் பந்தலைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு மழை என்றது போன். பந்தலின் மேலே வெறும் இலையும் குச்சியும். விரல் விட்டால் போகிற அளவு சந்து. மற்ற வருஷமும் அப்படித்தான் இருந்ததா என்று நான் கவனித்ததில்லை. கட்ட வந்தவர்கள் அவசரத்தில் கூரையை அரைகுறையாக விட்டுவிட்டார்கள், துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது எங்கே கண்ணில் படப்போகிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பெரியாது, அக்கம்பக்கம்தான் எல்லாம் செய்யும். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். இவர்களுக்கு என் சாப்பாடு ஆகாது. சரி, என் தார்ப்பாய் ஆகுமே.

ஆறேகாலுக்கு ஷீரா வீட்டு ஜன்னலில் மெழுகுவத்திகள் எரிந்தன. எலி வெள்ளைச் சட்டையில் பெரிய பையன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஜெப ஆலயத்துக்கு நடந்து போனார். நான் கராஜிலிருந்து, வீடு மாறியபோது வாங்கிய நீலத் தார்ப்பாயையும் நைலான் கயிற்றையும் ஏணியையும் இழுத்து வந்தேன். ரோஷினி பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, டிட் யூ ஆஸ்க் தெம்?"

"சாவு வீட்ல போய் கேட்டுட்டு நிப்பாங்களா? செய்யறதுதான். நீ ஏணியப் புடி."

அரை மணி நேரத்தில் கட்டி முடித்தேன். நாலு மூலையும் இழுத்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, கம்பத்துக்குக் கம்பம் முடிந்தேன். மொத்தம் ஏழு முடிச்சு. சேலம் பைபாஸில் எண்பதில் போனாலும் அசையாது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்த திருப்தி. உள்ளே வந்து காபி போட்டுக் குடித்தேன். அந்த முக்கால் மணி நேரம் போனைத் தொடவே இல்லை. அது அப்போது தெரியவில்லை, அப்புறம்தான் உறைத்தது.

ஏழரை தாண்டி முன்கதவு தட்டும் சத்தம். பெல் இருக்க யார் தட்டுகிறார்கள் என்று திறந்தால் ஷீரா. பண்டிகை நாளில் அவர்கள் மின்சாரப் பொத்தான் எதையும் தொட மாட்டார்கள். போனும் இரண்டு நாளைக்கு அலமாரிக்குள். கிழிந்த சட்டை போய் நல்ல நீலப் பட்டு உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி. கண் மட்டும் ஞாயிற்றுக்கிழமை இருந்த அதே கண், வீங்கிப்போய்.

"வள்ளி, அந்த நீலத் துணி நீ கட்டினதா?"

"ஆமா. எட்டு மணிக்கு மழை ஷீரா. இனிமே ஒரு சொட்டு எறங்காது, கவலைய விடு."

"ரொம்ப நல்லா கட்டியிருக்கே." தலைத் துணியைச் சரிசெய்துகொண்டாள். "இன்னிக்குப் பௌர்ணமி. எங்க பண்டிகை எப்பவும் பௌர்ணமிலதான் ஆரம்பிக்கும். உள்ள உக்காந்தா இலை நடுவுல நிலா தெரியும். இந்த வருஷம் தெரியல."

"மேகம், அதான்."

"மேகமும்தான்" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் போகவில்லை. நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, ரொட்டி துணியால் மூடியபடி இருக்கிறது, எலி திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஊர்க்கதை சொல்கிற மாதிரி. சாப்பிட வேண்டியதுதானே, இதை ஏன் என்னிடம் சொல்கிறாள் என்று நான் விழித்தேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ரோஷினி, "ஓ மை காட், அம்மா!" என்றாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் யூதப் பிள்ளைகள்தான். மடமடவென்று இங்கிலீஷில் கொட்டினாள். மேலே மூடினால் அது சுக்காவே இல்லை. கூரையில் இலைதான் இருக்கணும், வானம் தெரியணும், மழை வந்தால் மழை இறங்கணும். பண்டிகை ஆரம்பிக்கிற ராத்திரி அதற்குள்தான் சாப்பிட்டாகணும். இன்றைக்கு அவர்கள் முடிச்சு அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்துவிடு என்று நேராக உன்னிடம் கேட்கவும் கூடாது. "ஷி கான்ட் ஆஸ்க் யூ, அம்மா!"

ஷீரா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். தம்பியைப் பறிகொடுத்தவள், உத்தரவு என்பதற்காக நல்ல துணி உடுத்தி எழுந்து வந்திருக்கிறாள், அவள் கூரையைக் கொண்டுபோய் நான் அடைத்து வைத்திருக்கிறேன். செருப்புக்கூடப் போடாமல் பின்பக்கம் ஓடினேன்.

அப்பா ஒரு விஷயத்தில் கறார். எத்தனை முடிச்சு போட்டாலும் கடைசி முடிச்சு உருவு முடிச்சாக இருக்க வேண்டும், ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் கழன்று வர வேண்டும். சிறு வயசிலிருந்து அப்படித்தான் போடுவேன். அன்றைக்கு ஏணி மேல் நின்று தடவிப் பார்த்தால் ஏழும் கடும் முடிச்சு. இறுக்க வேண்டும், இறுக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அவிழ்ப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நகத்தால் நெருடினேன், பல்லால் இழுத்தேன். கீழே எலி கிண்ணத்தோடு நிற்கிறார், பையன்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், நாலு வயசு தாலியா ஷீராவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு பசி பசி என்கிறாள். உதவிக்கு ஒரு கை நீட்ட அவர்களால் முடியாது. எனக்கு அழுகை முட்டியது. முடிச்சுக்காக மட்டும் இல்லை. "ரோஷினி, கத்திய எடுத்துட்டு வா, காய் அரியற கத்தி!" என்று கத்தினேன். ஏழு இடத்திலும் அறுத்தேன். தார்ப்பாய் சரிந்து புல்லில் விழவும் என் நெற்றியில் முதல் சொட்டு விழவும் சரியாக இருந்தது.

"ஐயோ, நனையப் போறீங்க!" என்றேன்.

எலி மேலே பார்த்தார். மேகத்துக்குப் பின்னால் நிலா இருக்கிற இடம் வெளிறித் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்து, "சீக்கிரம், சீக்கிரம்!" என்று பிள்ளைகளை உள்ளே விரட்டினார். அடுத்த நிமிஷம் அவர் குரல் பாட்டாக எழுந்தது. கிண்ணம் ஒரு சுற்று வந்தது. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவி, ரொட்டியைப் பிய்த்தார்கள். நான் அறுந்த கயிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஷீரா வாசல் துணியை விலக்கி, "உள்ள வா" என்றாள்.

"வேண்டாம் ஷீரா. எங்களுக்குத் துக்கம். ஒரு வருஷத்துக்கு நாங்க பண்டிகைக்குப் போகக் கூடாது."

"எனக்கும்தான் துக்கம்" என்றாள். "அப்ப ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம்."

சும்மா உட்காருவது. என்னால் முடியாத ஒரே காரியம். ஈரக் காலோடு உள்ளே போய் அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கூரைக் கம்புகளில் பிள்ளைகள் காகிதச் சங்கிலியும் பொம்மை மாதுளைகளும் தொங்கவிட்டிருந்தார்கள். தூறல் இலைகளில் தங்கித் தங்கி இறங்கியது. ரோஷினி பையன்களோடு உடனே ஒட்டிக்கொண்டாள். நான் மெதுவாக, மனசில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அழுகை வரலயா உனக்கு?"

"வருது. கிச்சனுக்குப் போய் அழுதுட்டு சூப்பப் பாத்துட்டு வர்றேன். சாயங்காலத்துலேருந்து ரெண்டு தடவை."

"அப்புறம் எப்படி சந்தோஷமா இருக்கறது? வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் இங்க உக்காரணும்." மேலே பார்த்தாள். "வீட்டுக்குள்ள இருந்தா, கூரையும் பூட்டும் நம்மளக் காப்பாத்துதுன்னு நெனச்சுக்கறோம். அஷேர் வீட்ல புதுக் கூரை, வள்ளி. ஜூன்லதான் போட்டான்."

 சொல்ல நிறைய இருந்தது. உங்கள் கடவுளுக்கு உத்தரவு போடத் தெரிகிறதே, முப்பத்தாறு வயசுப் பிள்ளையை விட்டுவைக்கத் தெரியவில்லையா என்று கேட்க வாய் வந்தது. எங்கள் முருகனுக்கும் சேர்த்தே அந்தக் கேள்வி என்னிடம் இருந்தது. ஐந்து வாரமாக முருகனிடம் நான் வேண்டுவது வேண்டுதலே இல்லை, எந்தத் தேதிக்குள் என்ன நடக்க வேண்டும் என்ற பட்டியல். இவளோ ஒன்றும் கேட்கக் காணோம். இலைக்கூரைக்குக் கீழே, வருவது வரட்டும் என்று, வீங்கின கண்ணோடு நல்ல துணி உடுத்தி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அந்தத் தைரியம் வராது. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

மழை கொஞ்சம் வலுத்தது. எலி இன்னொரு ரொட்டியைப் பிய்த்து, தேனில் தொட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தாலியாவின் சூப்புக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. என் கை தன்னால் போய்க் கிண்ணத்தை மூடியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்த சொட்டு சூப்பில் விழுந்ததும் கெக்கெக்கென்று சிரித்தாள். பையன்கள் சிரித்தார்கள். ஷீரா சிரித்தாள், நிஜமாகவே, தோள் குலுங்க. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அப்போதுதான் எங்கள் அடுப்படியில் போன் அடித்தது. திறந்த ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது. என் வீட்டுக்காரருக்கென்று வைத்த மணிச் சத்தம். மணி எட்டேகால்கூட ஆகவில்லை. அங்கே விடிந்தும் விடியாத நேரம். இந்த ஐந்து வாரத்தில் அவர் ஒருநாளும் இந்த நேரத்தில் கூப்பிட்டதில்லை. ஸ்டேட்டஸ் மாறினால் நேரங்காலம் பார்க்காமல் கூப்பிடுகிறேன் என்று சொன்னவர். பந்தலில் எல்லோரும் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ரோஷினி எழுந்து ஓடினாள்.

திரும்பி வந்தவள் உள்ளே வரவில்லை. இன்றைக்கு இவர்கள் நடுவில் போன் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பந்தல் வாசலில், மழையில் நின்றாள். மினுங்குகிற போனை ஒரு கையில் பிடித்து, நனையாமல் மறு கையால் மூடியிருந்தாள். "அப்பா" என்றாள். "அம்மா, இட்ஸ் அப்பா."

ஷீரா என் முழங்கையைத் தொட்டாள். என் வாயில் தேன் தொட்ட ரொட்டி இருந்தது. மணி நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கியது. மேலே இலையிலிருந்து ஒரு சொட்டு என் வகிட்டில் விழுந்து மூக்கு வழியாக இறங்கியது. துடைக்கவில்லை. ரோஷினியைப் பார்த்தபடியே, வாயிலிருந்த இனிப்பை மென்று முழுசாக விழுங்கிவிட்டு, எழுந்தேன்.